எண்பதாவது மீட்டரில் ஒரு நிழல்

காலை ஏழு முப்பத்தைந்து.

மேஜை மேல் இருந்த ஃபோன் அடித்தது.

அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு எடுத்தாள். அந்த டீயை அவள் அப்புறம் குடிக்கவே இல்லை.

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் காற்றுக்காரி. எந்தக் குன்றில் எவ்வளவு காற்று வீசுகிறது, அங்கே காற்றாலை நட்டால் தேறுமா, தேறாதா என்று எண்களைப் பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை. குன்றின் மேல் ஒரு கோபுரம் நிற்கும். அதில் இருபது, ஐம்பது, எண்பது மீட்டர் உயரங்களில் சுழலும் கிண்ணங்கள் காற்றின் வேகத்தை அளக்கும். ஒரு வருஷம் அளக்க வேண்டும். இன்றோடு வருஷம் முடிகிறது. சாயங்காலத்துக்குள் அவள் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஹலோ?"

"நான்தான்..." மறுமுனையில் அவள் புருஷன். இரைக்க இரைக்கப் பேசினான்.

"என்ன இந்நேரத்துல? ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"மச்சான்..."

"அண்ணனுக்கு என்ன?"

"விழுந்துட்டார்... கோபுரத்துலேருந்து..."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உயிர்...?"

"இல்ல... போயிடுச்சு. நான் அப்போ அங்க இல்ல. போல்ட் எடுக்க ஷெட்டுக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தா கீழ கிடக்கார்... மேல வடக்குக் காத்து ஆளையே பிடுங்கற மாதிரி தள்ளுது... அவர் கொக்கி மாட்டல போலிருக்கு... நான் என்ன பண்ணுவேன்..."

அவன் அழுதான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. 

அண்ணனுக்குப் பட்டப்பெயர் அணில். இருபது வருஷமாகக் கோபுரம் ஏறுகிறவன். வீட்டில் பரண் மேல் ஏறினால்கூட இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளும் ஆசாமி.

அவனா கொக்கி மாட்டாமல் எண்பது மீட்டரில் நின்றான்?

* * *

ஒன்றரை மணி நேரம் கழித்து ஜீப் குன்றின் மேல் வந்து நின்றது.

பனி இன்னும் முழுதாக விலகவில்லை. கோபுரத்தின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. அதற்கு மேல் வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து இழுவைக் கம்பிகள் நாலா பக்கமும் இறங்கித் தரையில் பாய்ந்திருந்தன. சுற்றிலும் எட்டடி உயரத்துக்கு இரும்பு வலைவேலி.

கோபுரத்தின் காலடியில் ஒரு துணி. துணிக்குக் கீழே அணில்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இடது முன்கையில் பேனாவால் எழுதிய எண்கள். மேலே காகிதம் பறந்துவிடும் என்பதால் கோபுரமேறிகள் கையில்தான் எழுதுவார்கள். நான்கு எண்கள் தெளிவாக இருந்தன. ஐந்தாவது பாதி அழிந்திருந்தது.

அவள் அந்த எண்களைப் பார்த்தாள். அவை மனதில் பதிந்தன. எண்கள் அவளுக்கு அப்படித்தான், துக்கத்திலும் பதியும்.

"நீங்க தங்கச்சியாம்மா?"

நிமிர்ந்தாள். இன்ஸ்பெக்டர். நரைத்த மீசை, தூக்கம் போதாத கண்கள்.

"ஆமா சார்."

"அங்க நிக்கிறவர் உங்க வீட்டுக்காரர்?"

ஷெட் வாசலில் அவள் புருஷன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். இரண்டு கான்ஸ்டபிள்கள் பக்கத்தில். இந்த வேலையில் அவன் தரையாள். ஒருவர் ஏறும்போது இன்னொருவர் கீழேயே நிற்க வேண்டும், நகரவே கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் விதி.

"ஆமா. அவரை ஏன் சார் போலீஸ் சுத்தி நிக்குது?"

"கொக்கி உடையல, பெல்ட் அறுபடல. யாரோ கழட்டின மாதிரி சுத்தமா இருக்கு. நேத்து சாயங்காலம் மச்சானும் மாப்பிள்ளையும் இந்த ஷெட்டுக்குள்ள கத்திச் சண்டை போட்டதை வாட்ச்மேன் கேட்டிருக்கார். இன்னிக்கு இவர் நிக்க வேண்டிய இடத்துல நிக்கல. கேட்டா, காத்து தள்ளிடுச்சுங்கறார். நான் ஏழேமுக்காலுக்கு வந்தேன். ஒரு புல்லுகூட அசையலம்மா. இந்தப் பனியைப் பாருங்க. காத்து இருந்தா பனி நிக்குமா?"

"கீழ இல்லாட்டியும் மேல இருக்கும் சார். விடியற நேரத்துல அப்படி நடக்கும். தரை குளிர்ந்து கிடக்கும், காத்து அதுக்கு மேல வழுக்கிக்கிட்டுப் போகும்."

"இருந்துச்சுன்னு யார் சொல்லணும்?"

"கோபுரம் சொல்லும்."



"ரெண்டு நாளா கோபுரத்துலேருந்து தகவலே வரலையாமே? உங்க மேனேஜர் சொன்னார்."

"தகவல் அனுப்பற சிம் வேலை செய்யல. ஆனா அடியில இருக்கிற பெட்டிக்குள்ள ஒரு கார்டு இருக்கு. அதுல எல்லாம் பதிஞ்சிருக்கும்."

"பெட்டிக்கு நான் சீல் வெச்சாச்சு. மூணு மணிக்கு எல்லாரையும் வெச்சுக்கிட்டுத் திறப்போம். அதுல காத்து இல்லேன்னா..."

இன்ஸ்பெக்டர் ஷெட் பக்கம் பார்த்தார்.  

காலையில் அண்ணன் போய்விட்டான். சாயங்காலத்துக்குள் புருஷனும் போய்விடுவானா?

* * *

அவள் புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எதுக்கு நேத்து சண்டை?"

"சண்டையெல்லாம் இல்ல. மேல் கிண்ணத்தைப் பார்க்கணும்னார். கடைசி நாள் எதுக்கு மச்சான் வீண் வேலைன்னேன்."

அது அவளுக்கும் தெரியும். நேற்று ராத்திரி அணில் ஃபோன் பண்ணியிருந்தான். 'பாப்பா, மேல் கிண்ணம் பொய் சொல்லுது. வேகத்தைக் கூட்டிக் காட்டுது. காலையில ஏறி அதோட நம்பரைப் பார்க்கறேன். அதுவரைக்கும் கையெழுத்துப் போடாதே. மிச்சத்தை நேர்ல சொல்றேன், ஃபோன்ல வேண்டாம்.'

நேரில் சொல்ல ஆள் இல்லை.

"நீ பயப்படாதே," என்றான் புருஷன். "கார்டைத் திறக்கச் சொல்லு. மேல காத்து எவ்வளவு இருந்துச்சுன்னு அவங்களே பார்க்கட்டும்."

"ரேடியோல அண்ணன் ஏதாவது சொன்னாரா?"

"எங்க... ரெண்டு ரேடியோவும் ஷெட்டுல சார்ஜ்லதான் இருந்துச்சு. எடுத்துட்டுப் போக மறந்துட்டார்."

"நீங்க அண்ணாந்து பார்க்கலையா?"

"பார்த்தாலும் பனியில என்ன தெரியும்? பத்தடிக்கு மேல ஒண்ணும் தெரியல. சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தேன்."

அவள் அவன் தோளைத் தொட்டாள்.  பாவம், உயரம் என்றாலே ஆகாத மனுஷன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோபுரத்தில் கால் வழுக்கித் தொங்கியதிலிருந்து ஸ்டூல் மேல்கூட ஏறுவதில்லை. வீட்டில் பல்பு மாற்றுவது அவள்தான்.

நிழல் ஒன்று அவர்கள் மேல் விழுந்தது. பெரிய நிழல். மேனேஜர்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா பாரு, ஏறாதேன்னு நேத்தே உங்கண்ணன்கிட்ட சொன்னேன். கேக்கல. சரி... இந்த நேரத்துல கேக்கறது தப்புதான்... சாயங்காலம் அந்தக் கையெழுத்து..."

"அண்ணன் உடம்பு இன்னும் அங்கதான் சார் கிடக்கு."

"அதுக்கில்ல... நாப்பது காத்தாடி, மூணு வருஷ உழைப்பு... மலைக்குச் சொந்தக்காரர் காலையிலேருந்து நாலு தடவை ஃபோன் பண்ணிட்டார்..."

கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். அந்தக் குளிரில் அவருக்கு மட்டும் வேர்த்தது.

ஏறாதே என்று இவர் ஏன் சொன்னார்?

* * *

மூன்று மணி.

பனி எல்லாம் போய் வெயில் அடித்தது. மேலே கிண்ணங்கள் எப்போதும் போல மேற்குக் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன, ஒன்றுமே நடக்காதது மாதிரி.

ஷெட்டுக்குள் ஒரு மேஜை, ஒரு லேப்டாப், நான்கு பேர். இன்ஸ்பெக்டர், மேனேஜர், புருஷன், அவள். வாசலில் கான்ஸ்டபிள்கள்.

அவள் கார்டைச் செருகினாள். திரையில் கோடுகள் வந்தன.

"இருபது மீட்டர்ல காத்தே இல்ல. ஐம்பதுல விநாடிக்கு ஒன்பது மீட்டர். எண்பதுல..." அவள் குரல் உடைந்தது. "பதினாலு. கொஞ்சம் கூட்டிக் காட்டியிருந்தாலும் சார், மேல காத்து இருந்திருக்கு. நல்ல காத்து."

"பதினாலுன்னா?"

"கொடை பிடிச்சா கொடை போயிடும்."

"நான் சொல்லல?" புருஷன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினான். கண்ணோரம் ஈரம்.

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். "சரி... அப்போ விபத்துன்னு எழுதிக்க வேண்டியதுதான்."

அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். லேப்டாப்பை மூடக் கையைக்கூட வைத்தாள்.

வைத்த கை அப்படியே நின்றது.

"ஒரு நிமிஷம் சார்..."

"என்னம்மா?"

"இந்தப் பெட்டி பத்து நிமிஷத்துக்கு ஒரு சராசரிதான் எழுதும். ஆனா இதுல விநாடிக்கு ஒரு எண் இருக்கு. அண்ணன் போன வாரம் மாத்தி வெச்சிருக்கார். மேல் கிண்ணத்து மேல சந்தேகப்பட்டு."

புருஷன் கண்ணைத் திறந்தான்.

அவள் விநாடிக் கோடுகளைப் பெரிதாக்கினாள். நடுநடுவே பள்ளங்கள் தெரிந்தன.

"இது என்ன பள்ளம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"காத்து நிழல் சார். ஒவ்வொரு உயரத்துலயும் ரெண்டு கிண்ணம் இருக்கு. ஒண்ணு வடக்கே நீட்டிக்கிட்டு, ஒண்ணு தெற்கே. எப்பவும் அடிக்கிறது மேற்குக் காத்து, அதனால கோபுரம் எதையும் மறைக்காது. ஆனா இன்னிக்குக் காலையில வடக்கேருந்து அடிச்சிருக்குன்னு உச்சியில இருக்கிற திசைகாட்டி பதிஞ்சிருக்கு. இந்த வருஷத்துலயே முதல் தடவை. அதனால தெற்குக் கிண்ணம் கோபுரத்துக்குப் பின்னாடி மாட்டிக்கிச்சு. கோபுரத்துல ஒரு ஆள் அந்த உயரத்தைத் தாண்டினா மறைப்பு இன்னும் தடிக்கும். வேகம் சட்டுனு குறையும். இந்தப் பள்ளம்..."

"உங்கண்ணனா?"

"ஆமா. ஆறு நாப்பத்திரண்டுக்கு ஐம்பதைத் தாண்டறார். ஆறு ஐம்பத்தொண்ணுக்கு எண்பது. அங்கயே நிக்கறார்."

"சரி."

"ஏழு நாலுக்கு ஐம்பதுல இன்னொரு பள்ளம்."



"இறங்கறாரோ?"

"இல்ல சார். எண்பதுல பள்ளம் அப்படியே இருக்கு. அண்ணன் மேலதான் நிக்கறார். இது வேற ஆள். ஏழு ஒன்பதுக்கு எண்பதுல மறைப்பு இன்னும் தடிக்குது. அங்க ரெண்டு பேர்."



"ஏழு பன்னிரண்டுக்குப் பள்ளம் பாதியாகுது. ஐம்பதுல ஒரே ஒரு விநாடி ஒரு கீறல்... அதுதான் அண்ணன் விழுந்தது. ஏழு பதினேழுக்கு ஐம்பதுல நிதானமா ஒரு பள்ளம். ஒருத்தர் இறங்கிப் போறார்."

சொல்லி முடித்த பிறகுதான் அழுகை வந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் மெதுவாக மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"ஏறாதேன்னு நேத்தே சொன்னீங்களாமே?"

"சார்... அது... மேல எதையாவது கழட்டினா அறிக்கை தள்ளிப் போகும்னு..."

"காலையில ஏழு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"வீட்டுல... தூங்கிக்கிட்டு... தனியா..."

"ஐம்பதுலேருந்து எண்பதுக்கு அஞ்சு நிமிஷம். வாங்க, ஏறிக் காட்டுங்க."

"சார், எனக்கு ரெண்டு முட்டியும்..."

"ஏறுங்க."

மேனேஜர் ஏறினார். நான்கு படி. ஐந்தாவது படியில் ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். இறக்குவதற்கு இரண்டு கான்ஸ்டபிள்களும் ஒரு டிரைவரும் தேவைப்பட்டார்கள்.

"இவர் இல்ல," என்றார் இன்ஸ்பெக்டர், மறுபடி ஷெட்டுக்குள் வந்து. "இவர் ஏறியிருந்தா கோபுரமே விழுந்திருக்கும்."

பிறகு அவள் புருஷனைப் பார்த்தார்.

"அவருக்கு உயரம் ஆகாது சார்," என்றாள் அவள் அவசரமாக. "ஆறு வருஷமா ஸ்டூல் மேலகூட ஏறினதில்ல. யாரை வேணும்னாலும் கேளுங்க."

"அதானே சார்," என்றான் அவன். "நான் தரையை விட்டு நகரவே இல்ல. அந்தக் காத்து எனக்கெங்க..."

முடிக்காமல் நிறுத்திக்கொண்டான்.

அவள் மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து உள்ளே எங்கோ ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது அது எதுவென்று புரிந்தது.

"காலையில என்கிட்ட ஃபோன்ல என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்? மச்சான் விழுந்துட்டார்னு..."

"அதுக்கப்புறம்?"

"ஞாபகமில்ல. அந்தப் பதட்டத்துல யாருக்கு ஞாபகமிருக்கும்?"

"எனக்கு இருக்கு. என் ஃபோனுக்கும் இருக்கு. சிம் போனா நீங்கதானே எண்ணெல்லாம் வாயால சொல்வீங்க... அதுக்காக சைட்லேருந்து வர்ற எல்லா ஃபோனும் பதிவாகும்."



அவள் ஃபோனை அழுத்தினாள்.

'...மேல வடக்குக் காத்து ஆளையே பிடுங்கற மாதிரி தள்ளுது...'

அவள் நிறுத்தினாள்.

"வருஷம் பூரா மேற்குக் காத்து. கீழ இன்னிக்குக் காத்தே இல்ல. மேல பனி. அண்ணன் கையில ரேடியோ இல்ல. கார்டு மூணு மணி வரைக்கும் சீலுக்குள்ள." அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "வடக்குன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

அவன் பார்வை ஜன்னல் பக்கம் போனது.

"மேல ஏறினப்போ உங்க முதுகு சொல்லிச்சா?"

இன்ஸ்பெக்டர் கதவுப் பக்கம் ஓர் அடி வைத்தார். அவர் வைப்பதற்குள் அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பின்பக்க ஜன்னல் வழியாக வெளியே பாய்ந்தான்.

"பிடிங்க அவனை!"

கான்ஸ்டபிள்கள் வேலியின் வாயிலை மறிக்க ஓடினார்கள். அவன் வாயிலுக்குப் போகவே இல்லை. எட்டடி வேலியை நோக்கி ஓடினான். ஒரு கை, ஒரு கால், ஒரு தாவல்... கண் இமைப்பதற்குள் வேலியின் உச்சியில் இருந்தான்.

ஸ்டூல் ஏறாத மனுஷன்!

அந்தப் பக்கம் குதித்தவன் நேராக ஜீப் டிரைவரின் மேல் விழுந்தான். மேனேஜரை இறக்கிய களைப்பில் வேலியோரம் உட்கார்ந்திருந்த டிரைவர் அவன் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

* * *

கையில் விலங்கோடு அவன் ஷெட்டின் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"பயம் போய் அஞ்சு வருஷமாச்சு," என்றான், யாரையும் பார்க்காமல். "கீழ நிக்கிற சுகம் பழகிப் போச்சு. அதான் சொல்லல."

"மேல் கிண்ணம்?"

"கோபுரத்தை நிமிர்த்தறதுக்கு முன்னாடி தரையிலயே நான்தான் மாட்டினேன். வேகமா சுத்தற கிண்ணம். காத்து நல்லா இருக்குன்னு வந்தா நாப்பது காத்தாடிக்கும் என்னைத் தலைவனாக்கறேன்னு மலைக்காரர் சொன்னார்."

அவள் லேப்டாப்பில் பழைய சான்றிதழைத் திறந்தாள். மேல் கிண்ணத்தின் நம்பர், கீழே அவன் கையெழுத்து. அணில் கையில் எழுதியிருந்த நான்கு எண்களில் ஒன்றுகூட அதோடு ஒத்துப்போகவில்லை.

"மச்சான் நம்பரைப் பார்த்துட்டார். மேல நின்னுக்கிட்டே சொன்னார். 'பாப்பாகிட்ட நீயே சொல்லிடு. சாயங்காலம் வரைக்கும் டைம் தரேன்'னார்." அவன் குரல் கம்மியது. "உன் முகத்தை எப்படிப் பார்க்கறது? உனக்கு எண்ணுன்னா சாமி மாதிரி... அவர் கொக்கியைக் கழட்டித் தள்ளிட்டேன்."



"சொல்லியிருந்தா ஒரு வாரம் பேசாம இருந்திருப்பேன்," என்றாள். "அவ்வளவுதானே? ஒரு வாரம்."

அவன் தலையைத் தரையில் முட்டிக்கொண்டு அழுதான். அவள் பார்க்கவில்லை. அறிக்கையைத் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போனாள். 'இந்தக் கோபுரத்தின் எண்கள் செல்லாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மேனேஜர் வாயைத் திறந்தார். இன்ஸ்பெக்டர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

கான்ஸ்டபிள்கள் அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். அவன் கம்பி வழியாக இன்ஸ்பெக்டரைப் பார்த்து ஈனக்குரலில் கேட்டான்.

"சார்... எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"லாக்கப்புக்கு. எங்க ஸ்டேஷன்ல அது மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது." இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார். "பயப்படாம ஏறுங்க. கீழ ஒரு ஆள் நிப்பான். எங்க ஆள் நகரமாட்டான்."